வேகமாக வளரும் மென்பொருள் நிறுவனத்தில் பிராடக்ட் டிசைனர் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு வணிகர்களுக்கான பில்லிங், கணக்கு மென்பொருளை உருவாக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் 2016 முதல் பணிபுரிந்து வருகிறேன். நான் சேர்ந்தபோது மொத்தம் 40 பேர் இருந்தோம். டிசைனர் நான் ஒருவன்தான். இப்போது 700 பேருக்கு மேல் இருக்கிறோம், டிசைனர்கள் 22 பேர். கல்லூரி மாணவர்களும், வேறு துறைகளிலிருந்து இந்தப் பணிக்கு வர விரும்புபவர்களும், புதிதாகச் சேர்ந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

பிராடக்ட் டிசைனர் என்ன வேலை செய்கிறார்?

மென்பொருளைத் திறப்பவர் எந்த வேலையை முடிக்க வந்திருக்கிறார் என்று கண்டறிந்து, அந்த வேலை எத்தனை படிகளில், எந்த வரிசையில், எந்தச் சொற்களோடு முடிய வேண்டும் என்று தீர்மானித்து, பொறியாளர்கள் ஐயமின்றிக் கட்டும் அளவுக்கு அதை வரைந்து கொடுப்பதே அவருடைய வேலை. திரையின் அழகும் அதில் அடங்கும் என்றாலும், என் நேரத்தில் பெரும்பகுதி அழகுக்குச் செலவாவதில்லை.

ஒரு சிறிய எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். பில் போடும் திரையில் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணை நிரப்பும் கட்டம் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணில் 15 எழுத்துகள் உண்டு. முதல் 2 இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த 10 எழுத்துகள் பான் எண், கடைசி எழுத்து மற்றவை சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று சரிபார்ப்பதற்கானது. இதைத் தெரிந்துகொண்ட டிசைனர் “தவறான உள்ளீடு” என்று சிவப்பு எழுத்தில் எழுதிவிட்டு நகர மாட்டார். 14 எழுத்துகள்தான் உள்ளன, ஒன்று விடுபட்டிருக்கிறது என்று சொல்லுவார். முதல் 2 இலக்கங்களைக் கொண்டு மாநிலத்தைத் தானே நிரப்பி, விற்பனை மாநிலத்துக்குள் நடந்ததா வெளியே நடந்ததா என்பதற்கேற்ப வரியைப் பிரித்துக் காட்டச் சொல்லுவார். அதே சமயம், பில் ஓர் ஊருக்கும் சரக்கு வேறோர் ஊருக்கும் போவது வணிகத்தில் வழக்கம் என்பதால், தானாக நிரம்பிய மாநிலத்தை மாற்றும் வழியையும் திறந்து வைப்பார். ஒற்றைக் கட்டத்துக்குள் இவ்வளவு முடிவுகள் இருக்கின்றன.

யூஎக்ஸ் டிசைனர், யூஐ டிசைனர், பிராடக்ட் டிசைனர் ஆகிய மூன்றும் ஒன்றா?

யூஎக்ஸ் என்பது ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’, அதாவது பயன்படுத்துபவரின் அனுபவம்; யூஐ என்பது ‘யூசர் இன்டர்ஃபேஸ்’, அதாவது அவர் பார்த்துத் தொடும் திரை. முதல் சொல்லை 1990களில் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய டான் நார்மன் தம் பதவிப் பெயரிலேயே வைத்துப் பரவலாக்கினார். அதன் பிறகு நிறுவனங்கள் தத்தம் வசதிக்கேற்பப் பெயர்களைப் பெருக்கிக்கொண்டன. பதவிப் பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். எந்த முடிவுகள் உங்கள் கையில் இருக்கும் என்று நேர்முகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிறுவனம் வேகமாக வளரும்போது வேலை எப்படி மாறுகிறது?

வெளியே இருப்பவர்கள் வேலைப்பளு கூடும் என்று மட்டும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய மாற்றம், நீங்கள் யாருக்காக வடிவமைக்கிறீர்களோ அவர் மாறிக்கொண்டே இருப்பது. எங்கள் துறையில், பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் மின்-பில் எனப்படும் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் கட்டாயமானது. 2021இல் அந்த வரம்பு 100 கோடிக்கும் பின்னர் 50 கோடிக்கும் இறங்கியது. 2022இல் 20 கோடிக்கும் 10 கோடிக்கும், 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கும் வந்து சேர்ந்தது. முதலில் அந்தத் திரையைப் பயன்படுத்தியவர்கள் தனி வரிப் பிரிவையே வைத்திருந்த நிறுவனங்களின் ஊழியர்கள். மூன்றே ஆண்டுகளில் அதே திரையின் முன்னால், ஒரே கணக்கரை வைத்திருக்கும் ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரரும், கணக்கரே இல்லாமல் மகளின் உதவியோடு பில் போடும் சிவகாசி அச்சகக்காரரும் வந்து அமர்ந்தார்கள். திரை அப்படியேதான் இருந்தது; அதில் எழுதியிருந்த சொற்கள் புரிந்தவர்களின் விகிதம்தான் குறைந்துகொண்டே போனது. வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறும் வரைபடத்தை அலுவலகத்தில் எல்லோரும் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில், உதவி கேட்டு வரும் அழைப்புகளும் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தன.

இரண்டாவது மாற்றம் உள்ளே நடப்பது. 40 பேர் இருந்தபோது வாடிக்கையாளரின் அழைப்பை எடுப்பவர் என் அடுத்த மேசையில் இருந்தார். அவர் பெருமூச்சு விட்டால் எந்தத் திரையில் சிக்கல் என்று எனக்குத் தெரிந்துவிடும். 700 பேர் ஆனபோது அந்தக் குழு வேறு மாடிக்கும் பிறகு வேறு ஊருக்கும் போய்விட்டது. இடையில் மேலாளர்கள், அறிக்கைகள், வாராந்தரக் கூட்டங்கள் என்று அடுக்குகள் வந்து சேர்ந்தன. ஒவ்வோர் அடுக்கும் தேவையானதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வோர் அடுக்கைக் கடக்கும்போதும் வணிகரின் சொல் கொஞ்சம் தேய்ந்து, கடைசியில் “பில் பகுதியை மேம்படுத்த வேண்டும்” என்ற ஒற்றை வரியாக டிசைனரின் மேசைக்கு வருகிறது. அந்தத் தூரத்தை விடாமல் குறைத்துக்கொண்டே இருப்பதுதான் வளரும் நிறுவனத்தில் டிசைனரின் முதல் கடமை என்று உறுதியாக நம்புகிறேன். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற விடைகளில் பலவும் அந்த நம்பிக்கையிலிருந்து வந்தவையே.

அவ்வளவு வேகத்தில் பயனர்களைச் சந்திக்க நேரம் தருகிறார்களா?

யாரும் தாமாகத் தர மாட்டார்கள். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய ஆய்வுக்கு அனுமதியும் பணமும் கேட்டால் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போடுவார்கள் என்பதால், சிறிய அளவில் அடிக்கடி செய்யுங்கள். பயன்பாட்டு ஆய்வு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 5 பேரை வைத்துச் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு தெரிந்துவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு எல்லா மென்பொருளுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைக்காரர், கணக்கர், ஆடிட்டர் என்று மூன்று வகையினர் பயன்படுத்தும் மென்பொருளில் ஒவ்வொரு வகையிலும் சிலரைப் பார்த்தாக வேண்டும். ஆனாலும், யாரையும் பார்க்காமல் இருப்பதற்கும் 5 பேரைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

முடிந்தால் அவர்களுடைய இடத்துக்கே போய்ப் பாருங்கள். நூல் வியாபாரி ஒருவரின் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தபோது நான் கற்றதை எந்த வீடியோ அழைப்பும் கற்றுத் தந்திருக்காது. அங்கிருந்த கணக்கர் டாலி என்ற கணக்கு மென்பொருளில் பல ஆண்டுகள் விரல் பழகியவர். விற்பனைப் பதிவுக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9 என்று விசைகளைப் பார்க்காமலே தட்டுவார். தோளுக்கும் காதுக்கும் இடையில் தொலைபேசி, இடக்கையில் பில் சீட்டுகளின் கட்டு, வலக்கை எண் விசைகளின் மேல். நாங்கள் பெருமையோடு வடிவமைத்திருந்த பொருள் தேர்வுப் பட்டியல் மவுஸ் இல்லாமல் திறக்காது. ஒவ்வொரு வரிக்கும் அவர் சீட்டுகளைக் கீழே வைத்து, மவுஸைத் தேடிப் பிடித்து, மறுபடி சீட்டுகளை எடுத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அலுவலகத்தில் நாங்கள் நடத்திய சோதனைகளில் அந்தப் பட்டியல் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தது, ஏனென்றால் அங்கே வந்தவர்களின் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. திரும்பி வந்ததும் முழு பில்லையும் விசைப்பலகையிலேயே முடிக்கும்படி மாற்றினோம்.

போக முடியாத வாரங்களில் உதவி மையத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அழைப்புகளைக் கேளுங்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் டிசைனர், திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவைத் திறப்பதற்கு முன்பு ஒரு வாரம் அங்கே இருக்க வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்காத ஒரு விதி.

ஃபிக்மா தவிர வேறு எந்தக் கருவிகள் தெரிந்திருக்க வேண்டும்?

ஃபிக்மா 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று பெரும்பாலான குழுக்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் ஆட்டோ லேஅவுட் (உள்ளடக்கத்துக்கேற்பத் தானாக விரியும் அமைப்பு), காம்போனென்ட் (மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் உறுப்பு), வேரியபிள் (பல இடங்களில் பயன்படும் மதிப்பு) ஆகியவற்றை நன்றாகக் கற்றுக்கொண்டால் போதும். எக்செல்லில் ஒரு தரவுத் தொகுப்பைத் திறந்து வடிகட்டிப் பார்க்கத் தெரிந்திருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பயன்படும்.

கோடிங் தெரிந்திருக்க வேண்டுமா?

எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எது எளிது, எது கடினம் என்று பொறியாளரிடம் பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவசர வேலைகளில் டிசைனுக்கு இடம் இருக்கிறதா?

அவசரத்தில்தான் அதிகம் தேவைப்படுகிறது. 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் 12, 28 விழுக்காட்டு அடுக்குகளை நீக்க முடிவு செய்தது. புதிய விகிதங்களில் பெரும்பாலானவை செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தன. இடையில் 19 நாட்கள்தான். 12 விழுக்காட்டில் இருந்தவற்றையெல்லாம் ஒரே சொடுக்கில் 5 ஆக்கிவிடும் பொத்தான் ஒன்றைக் கட்டிக்கொடுங்கள் என்ற கோரிக்கைதான் முதலில் வந்தது. அப்படிச் செய்திருந்தால் துணிக்கடைக்காரர்கள் தவறாகப் பில் போட்டிருப்பார்கள். ஆயத்த ஆடை 2,500 ரூபாய் வரை 5 விழுக்காட்டிலும் அதற்கு மேல் 18 விழுக்காட்டிலும் வந்தது. ஆகவே பொருள்களை விலையோடு பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பரிந்துரையைக் காட்டி, வணிகர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மாற்றும் திரையை வடிவமைத்தோம். செப்டம்பர் 22க்கு முன்பு விற்ற சரக்கு திரும்பி வந்தால், அதன் தொகையைக் கழித்துக் கொடுக்கும் கிரெடிட் நோட்டில் பழைய விகிதம் வர வேண்டும் என்பதை எங்கள் குழுவிலேயே இளைய டிசைனர்தான் நினைவூட்டினார். அந்த 19 நாட்களில் நிறங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் நான் செய்ததிலேயே மனநிறைவு தந்த வடிவமைப்பு அதுதான்.

பிராடக்ட் மேனேஜரோடும் பொறியாளர்களோடும் கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வது?

வரும், வரவும் வேண்டும். “எனக்கு இது சரியாகப் படவில்லை” என்று சொல்லிப் பயனில்லை. எந்த வணிகர், எந்த நாளில், எந்த இடத்தில் தடுமாறுவார் என்று சொல்லுங்கள். பதிவு செய்யப்பட்ட அழைப்பின் 40 நொடிகளைக் கூட்டத்தில் ஒலிக்க விட்டால், அரை மணி நேர விவாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பொறியாளர் “இது மூன்று வாரம் ஆகும்” என்றால், தடுப்பதற்காகச் சொல்கிறார் என்று எண்ணாமல், எந்தப் பகுதி மூன்று வாரத்தைக் கேட்கிறது என்று கேளுங்கள். பல முறை, அந்தக் கடினமான பகுதி எனக்குத் தேவையே இல்லாத ஒன்றாக இருந்திருக்கிறது.

டிசைன் சிஸ்டம் எப்போது தொடங்க வேண்டும்?

எல்லாத் திரைகளுக்கும் பொதுவான பொத்தான்கள், கட்டங்கள், விதிகள் ஆகியவற்றின் தொகுப்பே டிசைன் சிஸ்டம். மூன்றாவது டிசைனர் சேரும்போது அதைத் தொடங்குங்கள். அதற்கு முன்பு தொடங்கினால், மாறப்போகும் திரைகளுக்கு விதி எழுதிக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் ஏழாவது டிசைனர் வரை தள்ளிப்போட்டோம். பிறகு எண்ணிப் பார்த்தபோது ஒரே மென்பொருளில் 11 வகையான தேதிக் கட்டங்கள் இருந்தன. தொடங்கும்போது பொத்தான்களின் நிறத்தைவிடப் பிழைச் செய்திகள், காலித் திரைகள், காத்திருக்கும் நிலைகள் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்ற டபிள்யூசிஏஜி (இணைய அணுகல் நெறிமுறை) விதியையும் முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள். தெருவைப் பார்த்த கடைகளில் மதிய வெயில் விழும் திரையில் மெல்லிய சாம்பல் எழுத்து யாருக்கும் தெரியாது.

தமிழ் இடைமுகத்தை வடிவமைப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். ஆங்கிலத் திரையை முடித்துவிட்டு மொழிபெயர்ப்பாளரிடம் சொற்பட்டியலை அனுப்புவதே பல நிறுவனங்களின் வழக்கம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். முதல் பதிப்பில் ‘இன்வாய்ஸ்’ என்பதற்கு ‘விலைப்பட்டியல்’ என்று வந்தது. கடைக்காரர்கள் அதைத் தொட்டுப் பார்த்து, பொருள்களின் விலைகள் அடங்கிய பட்டியல் வராததைக் கண்டு குழம்பினார்கள். அவர்கள் வாயில் அது எப்போதும் ‘பில்’தான். மாறாக ‘வரவு’, ‘பற்று’, ‘இருப்பு’, ‘பாக்கி’ ஆகியவை பேரேடுகளில் தலைமுறைகளாக எழுதப்பட்டு வருபவை. அவற்றுக்கு ஆங்கிலச் சொல்லைப் போட்டால் அதுவும் தவறு. எது தமிழில் வேண்டும், எது வழக்கிலுள்ள கடன்சொல்லாகவே இருக்க வேண்டும் என்பதை அகராதியால் சொல்ல முடியாது. கல்லாப்பெட்டிக்கு அருகில் நின்று கேட்டால்தான் தெரியும்.

பொத்தானில் ‘சேமி’ என்று எழுதுவதா, ‘சேமிக்கவும்’ என்று எழுதுவதா என்று நாங்கள் நெடுநாள் விவாதித்தோம். ‘சேமி’ மரியாதைக் குறைவாக ஒலிக்கிறது என்று சிலர் கருதினார்கள். பொத்தானில் பேசுபவர் யார் என்று யோசித்தபோது விடை கிடைத்தது. பொத்தானை அழுத்தும்போது மனிதர் இயந்திரத்துக்கு ஆணையிடுகிறார், ஆகவே ‘சேமி’, ‘நீக்கு’, ‘அச்சிடு’ என்பவை பொருந்தும். கட்டத்துக்கு மேலே உள்ள குறிப்பில் மென்பொருள் மனிதரிடம் பேசுகிறது, ஆகவே அங்கே ‘எழுதுங்கள்’, ‘தேர்ந்தெடுங்கள்’ என்று இருக்க வேண்டும்.

எழுத்துருவிலும் கவனம் தேவை. ‘கீ’, ‘மூ’ போன்ற எழுத்துகளில் மேலும் கீழும் குறிகள் நீளுவதால், ஆங்கிலத்துக்கு அமைத்த நெருக்கமான வரி இடைவெளியில் அவை வெட்டுப்படும். எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு வரி உயரம் வைத்துத் தொடங்குங்கள். ‘செட்டிங்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வெட்டிய பொத்தானில் ‘அமைப்புகள்’ அடங்காது. தொகைகளை 1,00,000 என்று நம் முறையில் பிரித்துக் காட்டுங்கள். பெயருக்கு ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள் வைத்தால், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நம்மவர்கள் எதில் எதை எழுதுவார்கள்? ஒரே கட்டம் போதும்.

நீங்கள் செய்த பெரிய தவறு எது?

பில் திரையைப் புதுப்பித்தபோது, தேதிக் கட்டத்தில் எப்போதும் இன்றைய தேதியே வரும்படி மாற்றினேன். பழைய திரை கடைசியாக உள்ளிட்ட தேதியை நினைவில் வைத்திருந்தது; அது எனக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றியது. மாதத்தின் முதல் சில நாட்களில் கணக்கர்கள் சென்ற மாதத்துச் சீட்டுகளை உட்கார்ந்து ஏற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான பில்கள் அடுத்த மாதத் தேதியில் பதிவாயின. மாத விற்பனையைத் தெரிவிக்கும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாளான 11ஆம் தேதி நெருங்கியபோதுதான் தொகை ஒத்துப்போகவில்லை என்று அழைப்புகள் வரத் தொடங்கின. பலர் இரவு முழுவதும் உட்கார்ந்து திருத்தினார்கள். அவர்களில் சிலரை நானே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். தேதியின் நினைவை மீண்டும் கொண்டுவந்து, மாதம் மாறும்போது மட்டும் கட்டத்தின் நிறம் மாறும்படி செய்தோம். அன்றிலிருந்து 8ஆம் தேதி முதல் 20ஆம் தேதி வரை பில், வரித் திரைகளில் எந்த மாற்றத்தையும் வெளியிடுவதில்லை.

ஏஐ கருவிகள் வந்த பிறகு இந்த வேலை நிலைக்குமா?

ஒரு விவரணையைக் கொடுத்தால் சில நிமிடங்களில் பார்வைக்கு நன்றாக உள்ள திரை கிடைத்துவிடுகிறது. நானும் முதல் வரைவுக்கு அவற்றைப் பயன்படுத்துகிறேன். திரை வரைவதை மட்டுமே வேலையாகக் கொண்டவர்களின் இடம் சுருங்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. மேலே சொன்ன தேதிக் கட்டத்தை அந்தக் கருவிகளிடம் வரையச் சொல்லிப் பார்த்தேன்: இன்றைய தேதியைத்தான் போட்டுக் கொடுத்தன.

டிசைன் கல்லூரியில் படித்திருக்க வேண்டுமா?

அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமும், ஐஐடி மும்பையில் 1969இல் தொடங்கிய ஐடிசி என்ற வடிவமைப்புப் பள்ளியும் சிறந்த அடித்தளத்தைத் தருகின்றன, வாய்ப்பிருந்தால் படியுங்கள். எங்கள் 22 பேரில் பெரும்பாலோர் பொறியியல், காட்சித் தொடர்பியல், வணிகவியல் படித்து வந்தவர்கள். உதவி மையத்தில் மூன்று ஆண்டுகள் அழைப்பு எடுத்துவிட்டு டிசைன் கற்றுக்கொண்ட ஒருவர் இப்போது எங்கள் மூத்த டிசைனர்களில் ஒருவர்.

போர்ட்ஃபோலியோவில் எதை எதிர்பார்க்கிறீர்கள்?

இரண்டு வேலைகள் போதும். புகழ்பெற்ற செயலிகளின் திரைகளை யாரும் கேட்காமல் மாற்றி வரைந்து வைப்பதைவிட, உங்கள் தெருமுனை மருந்துக்கடையில் கடன் கணக்கு எழுதும் முறையைப் பார்த்து அதற்கொரு தீர்வு செய்து, அந்தக் கடைக்காரரையே பயன்படுத்த வைத்து, அவர் எங்கே நின்றுபோனார் என்று எழுதினால் நான் கடைசி வரி வரை படிப்பேன். கைவிட்ட வடிவங்களையும், ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் சேர்த்து வையுங்கள்.

சம்பளத்தோடு பங்குகளும் தருகிறோம் என்றால் ஏற்றுக்கொள்ளலாமா?

ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் படித்துப் பார்த்த பிறகு. இசாப் எனப்படும் பங்கு விருப்பங்கள் (நிறுவனப் பங்குகளை முன்பே குறித்த விலையில் பிறகு வாங்கும் உரிமைகள்) வழக்கமாக 4 ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகின்றன; முதல் ஓராண்டு முடிவதற்குள் விலகினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. இந்தியாவில் விருப்பத்தைப் பங்காக மாற்றும்போது ஒரு முறை சம்பள வருமானமாகவும், விற்கும்போது மூலதன ஆதாயமாகவும் வரி உண்டு. நிறுவனம் பங்குச் சந்தைக்கு வராத நிலையில், விற்க முடியாத பங்குக்காகக் கையிலிருந்து வரி கட்ட நேரிடலாம். விலகிய பிறகு எத்தனை நாட்களுக்குள் மாற்ற வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டு வாடகையும் கடன் தவணையும் சம்பளத்திலேயே அடங்க வேண்டும். பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நேர்முகத்தில் நான் நிறுவனத்திடம் என்ன கேட்க வேண்டும்?

கடந்த மாதம் எந்த டிசைனர் எந்த வாடிக்கையாளரைச் சந்தித்தார், அந்தச் சந்திப்பால் மென்பொருளில் எது மாறியது என்று கேளுங்கள். பதிலில் ஓர் ஊரின் பெயரும் ஒரு திரையின் பெயரும் உடனே வந்தால் அடுத்த சுற்றுக்குப் போங்கள்.